இரண்டாம் அலசல்

என் மேசையின் இடது மூலையில் ஒரு துணிப்பை கிடக்கிறது. வெள்ளைக் காடாத்துணி, இரட்டைத் தையல், வாயைச் சுற்றி இழுத்துக் கட்ட ஒரு நாடா. பார்க்க வருகிறவர்களில் சிலர் தலையணை உறை என்று நினைப்பார்கள். ஒருவர், ஊர்ப்பட்ட பேருக்குக் காபி வடிகட்டுவீர்களா என்று கேட்டார். அது லாரியின் மூக்குக்குத் தைத்தது. லாரிக்கு மூக்கு உண்டு. ஓட்டுநர் அறையின் பின்பக்கம் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். பலரும் அதைப் புகைபோக்கி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எஞ்சின் அதன் வழியாகத்தான் மூச்சு இழுக்கிறது. கீழே ஏர் ஃபில்டர் இருக்கும். அதையும் தாண்டித் தூசி உள்ளே போனால் எஞ்சின் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும்.

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பது ஒரு தொழில் அல்ல, ஒரு வகைச் சளி. பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டியது. ஒரே ஒரு லாரி, வடநாட்டுக்குச் சரக்கு ஏற்றிப் போவது. படிப்பதும், வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவதும் போக மீதி நேரத்தில் நான் முதலாளி. லாரியை உண்மையில் நடத்தியவர் எங்கள் டிரைவர் அண்ணன். மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர்; கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான சேலம் அம்மாபேட்டையிலேயே தங்கிவிட்டார். என்னைவிட மூத்தவர். என்னை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லுக்கு நான் தகுதியா என்று அவர் யோசித்ததில்லை, எனக்கு அவ்வப்போது யோசனை வரும்.

அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி. நான் அக்கா என்பேன். சின்ன வயதிலிருந்து விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்து, பறக்கும் பஞ்சு நெஞ்சில் படிந்து, இனித் தறிப்பக்கமே போகக்கூடாது என்று வைத்தியர் நிறுத்திவிட்டார். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு மூச்சை எதிர்பார்த்து நிற்பார். அப்படி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் லாரிக்குப் பை தைக்கும் யோசனை அவருக்கு வந்தது. "எம் மூக்குக்கு அந்தக் காலத்துல யாரும் ஒண்ணும் கட்டிவிடல. வண்டிக்காவது இருக்கட்டும்" என்று சொன்னாராம். அண்ணன் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பை. கட்டிக்கொண்டு போன பை அழுக்காகத் திரும்பும். அக்கா அதை அலசிக் காயப்போடுவார். வீட்டு வாசலில் பை காய்ந்தால் அண்ணன் ஊரில் இருக்கிறார் என்று தெருவுக்கே தெரியும்.

இந்த நிலையில் நான் ஏர் ஃபில்டரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படிப்பவன் கையில் லாரி கிடைத்தால் இதுதான் நடக்கும். மலை ஏறும்போது வண்டி கறுப்பாகப் புகை விடுகிறது, டீசலையும் கூடக் குடிக்கிறது என்று அண்ணன் சொல்லியிருந்தார். கம்பெனி கொடுத்த குழாயையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்து, அமெரிக்காவில் எவனோ தன் டிரக்கைப் பற்றி எழுதியதையெல்லாம் ஒரு மாதம் படித்தேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை விசாரித்ததில்லை. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் ஒன்று இருந்தது. கழுவித் திரும்பத் திரும்பப் போடலாம், ஆனால் எண்ணெயை அளவாகத் தடவ வேண்டும். அளவு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் எண்ணெய் விஷயத்தில் மரியாதை கிடையாது. பளபளவென்று கூம்பு மாதிரி ஒன்று பார்த்தேன். ஆசையாக இருந்தது, ஆனால் எஞ்சின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே அது இழுக்கும் என்றார்கள். கடைசியில், உயரமான குழாய், அதன் தலையில் காற்றைச் சுழற்றித் தூசியை வெளியே வீசும் ஒரு குடுவை, அடியில் பெரிய காகித ஃபில்டர் என்று முடிவானது. நல்ல முடிவு. இன்றுவரை அதில் குறை சொல்ல முடியவில்லை. இந்தக் கதையில் நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பட்டறையில் அதை மாட்டிய அன்று, மெக்கானிக் பழைய குழாயிலிருந்த பையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "ஏனுங்க, பாதிக் கோளாறு இதுலதானுங்க. வண்டி மூக்கப் பொத்திக்கிட்டு மலையேறுனா பொகைய விடாம என்ன பண்ணும்? மழையில நனைஞ்சா சுத்தமா அடைச்சுக்கும். புதுசுல இதக் கட்டாதீங்க."

அவர் சொன்னது நியாயம். அண்ணனிடம் அதை நியாயமாகவே சொல்லியிருக்கலாம். நான் நகைச்சுவை எழுத்தாளன். "இனிமே நம்ம வண்டிக்குக் கோவணம் வேண்டாங்கண்ணா" என்றேன். பட்டறை மொத்தமும் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையை வாங்கி, தட்டி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். மடித்த விதம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சில நடைகள் கழித்து, வண்டி திரும்பிய ஒரு காலையில் எங்கள் ஷெட்டின் பின்புறம் போனேன். அண்ணன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வெளுப்பாக இருந்த ஒரு பையைச் செம்மண்ணில் புரட்டிக்கொண்டிருந்தார். புரட்டுவார், உதறுவார், தூக்கிப் பார்ப்பார், போதாது என்று மறுபடியும் புரட்டுவார். சமையலில் உப்புப் பார்க்கிற கவனம். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"ஊட்டுல கேப்பாங்க சாமி. சுத்தமாக் கொண்டுபோனா, கட்டலியான்னு ஆயிரும். அலசறப்ப அந்தத் தண்ணியப் பாத்து அவளுக்கு ஒரு திருப்தி. இத்தனையும் எஞ்சினுக்குள்ள போகாம நிறுத்திப்போட்டேன்னு சொல்லுவா. வேற என்ன வேல இருக்குதுங்க அவளுக்கு?"

எனக்கு இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று மட்டும் தோன்றியது. தோன்றியதற்காக அன்றே கொஞ்சம் கூசினேன். கூசிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பது என் பழைய பழக்கம்.

பிறகு ஒரு நாள் மதியம் அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். அலுவலகம் மாடியில். படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கும் சத்தம் மேலே கேட்டது; யாரென்று தெரியாமலே தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சேலத்திலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார். தண்ணீர் குடித்து, ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து, மூச்சு சீரான பிறகு கேட்டார்.

"சாமி, அவரு நெசமாவே வடக்க போறாருங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்து, மூச்சுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நான் அவருகிட்ட சொன்னதில்லைங்க. பைய மொத அலசல்ல வெறும் அழுக்குதான் வரும். ரெண்டாவது அலசல்ல தண்ணி கரிசமண்ணுக் கறுப்பா வந்தா சோலாப்பூர் தாண்டிப் போயிருக்காரு. வெள்ளையா, பால் மாதிரி வந்தா ராஜஸ்தான் பளிங்குக் கல்லு ஏத்தப் போனது. நானு மேட்டூரத் தாண்டுனதில்லைங்க. அவரு போன ஊரெல்லாம் எனக்கு அந்த வாளியில வந்துரும். இப்பக் கொஞ்ச நாளா எந்நேரமும் செம்மண்ணுதானுங்க வருது. இந்த ஊரு செம்மண்ணு. நாக்பூருல இருக்கேன்னு போன்ல சொல்றாரு, பையி இங்கதான் இருந்தேங்குது. அவரு எங்க தங்கறாருங்க? எனக்குக் கோவமில்லைங்க. தெரிஞ்சாப் போதும்."

பதறிப்போய் என் செல்போனை எடுத்து, லாரி இருக்குமிடம் காட்டும் படத்தை நீட்டினேன். நாக்பூருக்குப் பக்கத்தில் நீலப் புள்ளி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா அதை மரியாதைக்குப் பார்த்தார். "புள்ளி எங்க வேணா நிக்குமுங்க" என்றார்.

சொல்ல வேண்டியது இரண்டு வாக்கியம். 'பையைக் கட்ட வேண்டாம் என்று சொன்னது நான். உங்கள் மனம் நோகக் கூடாதென்று அவர் அதை மண்ணில் புரட்டிக் கொண்டுவருகிறார்.' சொன்னால் அண்ணனின் திருட்டுத்தனம் வெளிப்பட்டுவிடுமே, அவரைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. பட்டறையில் நான் அதற்கு வைத்த பெயர் அக்காவின் காதுக்குப் போய்ச் சேரும் வழி அதுதான் என்று பயந்தேன்.

ஆகவே கற்பனை செய்தேன், அதுதானே பிழைப்பு. "அக்கா, இப்ப வடக்க ரோடெல்லாம் நாலுவழி ஆயிருச்சுங்க. வழியில தூசியே கிடையாது. நம்ம ஷெட்டுல வந்து நிக்கறப்பப் படியறதுதான் பையில இருக்கறது. அதான் செம்மண்ணு. அண்ணன் வேற எங்கயும் போகலைங்க, நான் பொறுப்பு."

அவர் முகம் தெளிந்தது. இத்தனை நாள் ஒரு மனுஷி எதைச் சுமந்துகொண்டிருந்தார் என்பது அது இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் என்னைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. பிறகு அக்கா மெதுவாகக் கேட்டார்.

"வழியில தூசியே இல்லீனா, பைக்கு வேலை இல்லைங்களா அப்ப?"

மண்ணில் புரட்டிப் புரட்டி அண்ணன் எதைத் தள்ளி வைத்திருந்தாரோ, அதை நான் ஒரே மூச்சில் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டேன். "அப்படியெல்லாம் இல்லீங்கக்கா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் கட்டைப்பையிலிருந்து புதிதாகத் தைத்த ஒன்றை எடுத்தார். "தெச்சுக் கொண்டாந்துட்டேன். இங்கயே கெடக்கட்டும் சாமி" என்று மேசையின் இடது மூலையில் வைத்துவிட்டு, படியில் ஒருமுறை நின்று, இறங்கிப் போனார்.

அடுத்த நடைக்கு வந்தபோது அண்ணன் கேட்டார். "ஏனுங்க சாமி, ரோட்டுல தூசியே இல்லியாமா, பை வேண்டாம்னுட்டா. யாரு சொன்னாங்கன்னு தெரியல. நான் பொரட்டறதக் கண்டுபுடிச்சுட்டாளோ?" இல்லை என்றேன். அது மட்டும் உண்மை. அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டேன். "சும்மாதான் ஒக்காந்திருக்கா" என்றார்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அண்ணன் இன்னும் ஓட்டுகிறார், அக்காவும் அதே வீட்டில்தான் இருக்கிறார். இங்கிருந்து சேலத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ். கறுப்புப் புகை நின்றுவிட்டது, டீசல் குறைந்துவிட்டது, எஞ்சின் தெளிவாக மூச்சு விடுகிறது. ஃபில்டர் வாங்கப்போகும் நண்பர்கள் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். நான் மணிக்கணக்கில் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் கணக்கர் பையையும் வண்டிச் சாமான் என்று எண்ணி ஸ்பேனர்களோடு சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுகிறார். நான் தடுப்பதில்லை. இந்த வருஷம் பூஜை முடிந்ததும், கறையைப் போக்கலாமென்று நானே ஒரு வாளியில் அதை அலசினேன். முதல் அலசலில் சந்தனமும் குங்குமமும் போயின. இரண்டாம் அலசலில் தண்ணீர் இளம் சாம்பல் நிறமாக வந்தது. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, செம்மண்ணும் இல்லை. குனிந்து பார்த்தேன்; எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அக்காவிடம் காட்டினால் பார்த்தவுடன் சொல்லிவிடுவார், இது எங்கேயும் போகாத ஆளின் தூசி என்று. பிழிந்து, காயவைத்து, மறுபடியும் மேசையின் இடது மூலையிலேயே வைத்துவிட்டேன்.