சாவியைத் திருகிய கை

மலைநகரமான அன்டனனரிவோவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் ரமிலிசோனின் டாக்ஸியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அறுபது வருஷத்துப் பிரெஞ்சுக் கார், முட்டைக்கண் விளக்கு, சுருட்டி மடிக்கிற துணிக்கூரை. என்ன அழகு என்பார்கள். ரமிலிசோனுக்குக் குமட்டும்.

அவர்களுக்கென்ன, பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கிப் போகிறவர்கள். பெட்ரோல் தொட்டி ஓட்டையாகி இருபது வருஷமாகிறது. முன்னிருக்கையில் உட்காருகிறவரின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் கேன்; அதிலிருந்துதான் குழாய் வழியே இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிறது. அந்த நாற்றம் அவர் சட்டையில், மீசையில், தின்னும் சோற்றில். மழை பெய்தால் தரையின் ஓட்டை வழியே சாக்கடைத் தண்ணீர் முழங்கால்வரை தெறிக்கும். மனைவி வாஹாங்கி தலையணையைத் தள்ளிப் போட்டுப் பல வருஷமாயிற்று.

ஆகவே, மேட்டுத் தெருவில் விடுதி நடத்தும் லாலாவ் புது வேனுக்கு ஆள் தேடுகிறாள் என்றதும், மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போய் நின்றார். ஓட்டிக் காட்டச் சொல்லி அவளும் ஏறிக்கொண்டாள். உள்ளே உட்கார்ந்ததுமே அவருக்குக் கண் கலங்கியது. எதுவும் நாறவில்லை. இந்த வயதிலாவது மனுஷனாக வீடு திரும்பலாம் என்று நினைத்தார்.

மேட்டு முனை வந்தது. அங்கே இன்ஜினை அணைத்துவிட்டு கீழே இருக்கும் ஏரிவரை இறக்கத்தில் சும்மா உருண்டு போவது, பெட்ரோலை மிச்சம் பிடிக்க இந்த ஊர் டாக்ஸிக்காரர்கள் எல்லாரும் செய்வது. முப்பது வருஷம் பழகிய வலது கை அவரைக் கேட்கவில்லை. சாவியைத் திருகிவிட்டது.

பழைய வண்டி என்றால் பேசாமல் உருளும். இதில் இன்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் இறுகிக்கொண்டது, பிரேக் மிதிக்க மிதிக்கக் கல்லாகிவிட்டது. வேன் மதிலை உரசிக்கொண்டே போய் முட்டி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"எதுக்குண்ணே ஆஃப் பண்ணீங்க?" என்று கேட்டாள் லாலாவ்.

"இறக்கம் வந்துச்சேம்மா."

மறுநாள் அவளே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். வேனுக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம்.

"நீங்க உங்க வண்டியோடவே வந்துடுங்கண்ணே. விருந்தாளிங்க அதத்தான் கேக்குறாங்க. கேன மாத்திடாதீங்க, அதையும் படம் புடிக்கிறாங்க."

வெள்ளைச் சட்டையும் தொப்பியும் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் சட்டையும் நாறத் தொடங்கிவிட்டது.

சாயங்காலம் வாசலில் நின்ற வாஹாங்கி புதுச் சட்டையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தவள், பாதியில் மூக்கைச் சுளித்து நின்றுவிட்டாள். சீ, என்ன பிழைப்பு இது என்றிருந்தது அவருக்கு. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கிடைத்துவிட்டது என்றார்.