பதினாலு அத்தியாயம் நைனா

அகல்யா பிறந்தது கோபிச்செட்டிபாளையத்தில். சென்னையில் காட்டுப்பாக்கத்து ஃபிளாட்டுக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. அம்பத்தூரில் ஒரு ஐடி கம்பெனியில், அடுத்தவர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. தன் பிழை மட்டும் தெரியாது, யாருக்குத்தான் தெரிகிறது!

டிவியில் ஓடிய ராஜா காலத்துத் தொடர் ஒன்றில் சேனாதிபதியும் இளவரசியும் காதலித்து, சேராமலே போனார்கள். அகல்யாவுக்கு மனசு ஆறவில்லை. இருவரையும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குக் கிளப்பிக்கொண்டு வந்து, 'மாற்று உலகக் கதை' என்று தலைப்புக்குக் கீழே போட்டு, இணையத்தில் எழுத ஆரம்பித்தாள். முதல் மூன்று அத்தியாயம் எஸ்டேட் தெருக்களை விவரித்தே தீர்ந்தது. வாளைக் கீழே வைத்தறியாத சேனாதிபதி, லேத் பட்டறையில் சாப்பாட்டு டப்பா கழுவிக்கொண்டிருந்தார். படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது ஆபீஸ் கேண்டீனில் காபி போடும் சிம்ரன் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் கதையை மூட வேண்டியதுதான் என்று அகல்யா பயந்துகொண்டேயிருந்தாள்.

மண்வாசனை வேண்டுமே! டீக்கடையில் ஒருவர் இன்னொருவரை "வா நைனா" என்று ஆசையாகக் கூப்பிட்டது காதில் விழுந்தது. 'அன்பே' என்பதற்கு இந்த ஊரில் இதுதான் போல என்று முடிவுகட்டினாள். அன்றிலிருந்து இளவரசி வாயில் சேனாதிபதி வார்த்தைக்கு வார்த்தை நைனா. "நைனா, மழ வருது, கொடைய எட்த்துகினு போ." "நைனா, என்னிய உட்டுட்டுப் போயிடாத." இருவரும் தொட்டுக்கொள்ளக்கூட மாட்டார்கள். என்ன கண்ணியமான காதல் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

பதினைந்தாவது அத்தியாயத்தில் கல்யாணம் என்று அறிவித்த மறுநாள் காலை, காபியை நீட்டிக்கொண்டே சிம்ரன் கேட்டாள்.

"அக்கா, நைனா அந்தப் பொண்ண யாருக்குக் கட்டிக் குடுக்கப் போறாரு?"

"கட்டிக் குடுக்கறதா? அவரேதானே..." அகல்யா வாங்கிய காபியைக் கவுண்டரில் வைத்தாள். "சிம்ரன், உங்க வீட்ல யாரை நைனான்னு கூப்பிடுவீங்க?"

"இன்னாக்கா கேக்குற? அப்பாவத்தான்."

"டிவியில அவங்க காதலர்களாச்சே!"

"நீதான மாத்து உலகம்னு போட்டுகீற? அதான் ஒறவையும் நீ மாத்திட்டியோன்னு நெனச்சேன்." சிம்ரன் கவுண்டரைத் துடைத்தாள். "எங்க நைனா தவறிப் பூட்டு ஆறு வருசம் ஆவுது. இத்தப் படிக்கசொல்லோ அவரு பக்கத்துல குந்திகினு கீற மாறியே கீதுக்கா."

அடக் கடவுளே! தாலி கட்டும் காட்சி எழுதித் தயாராக இருந்தது. அவள் எழுதியதிலேயே அதுதான் உருப்படியானது. காபி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தாள்.

அறிவித்தபடி அத்தியாயம் மதியம் வெளிவர வேண்டும், அதற்குள் மாப்பிள்ளை தேடியாக வேண்டும். தொடரில் கல்யாண வயசில் பாக்கியிருந்தவன் ஒருவன்தான், கோட்டைக்குத் தீ வைத்த வில்லன். வேறு வழி? அவனை வெல்டர் ஆக்கி மணையில் உட்காரவைத்தாள். நைனா பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டு, குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

சாயங்காலம் சிம்ரனின் கண் சிவந்திருந்தது.

"நைனா மூஞ்சி கழுவுற எடத்துல தாங்கலக்கா." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மாப்ள, டிவில கோட்டையவே கொளுத்துனவனாச்சே. இங்க வந்து திருந்திட்டானா? நல்லா விசாரிச்சுத்தான் பொண்ணு குடுத்தியா?"