எக்ஸ்ரே அக்காவின் இரண்டாவது வருமானம்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் எக்ஸ்ரே அக்கா. பத்தொன்பது வருஷமாக அடித்தள அறையில் நின்று, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று சொல்லியே தொண்டை கட்டிப்போனவள். கல்யாணம் தட்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டார்கள். அண்ணன் வீட்டு மாடி அறையில் அம்மாவோடு இருந்தாள். வருஷா வருஷம் அவளுடைய வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது அண்ணன் பொறுப்பு. அப்பா போன பிறகு படிக்க வைத்தவன் அவன்தான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷக் கணக்கு தாக்கலாகவே இல்லை என்று ஆஸ்பத்திரி முகவரிக்கு நோட்டீஸ் வந்தது. அண்ணன் மறந்திருப்பான் என்று நினைத்து, அவனைத் தொந்தரவு செய்யாமல் தானே ஓர் ஆடிட்டரிடம் போனாள். வரித்துறைப் பதிவில் அவள் பெயரில் இருந்ததை அவர் கணினியில் பார்த்தார்.

"இது உங்க சம்பளம், சரி. மனை வித்த கமிஷன்னு ஒண்ணு இருக்கே, அது என்னம்மா? சம்பளத்தைப் போல மூணு மடங்கு!"

"என்னோடது இல்ல சார். நான் எலும்பைத்தான் படம் எடுக்கறேன், மனையெல்லாம் விக்கறதில்ல."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கமிஷன் எந்த வங்கிக் கணக்கில் விழுந்தது என்று எழுதிக் கொடுத்தார். அங்கே போய்க் கேட்டாள். கணக்கு தொடங்கிய விண்ணப்பத்தில் இருந்தது அவள் கையெழுத்தேதான். அப்போது ஞாபகம் வந்தது. டியூட்டிக்குக் கிளம்பிய ஒரு காலை, மாடிப்படியில், மனைத் தரகு பார்க்கும் அண்ணன் காகிதங்களை நீட்டி, "இன்ஷூரன்ஸ், போட்டுட்டுப் போ பாப்பா" என்றான். அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் போட்டுவிட்டுப் போனாள்.

"வருமானம் உங்களோடதுன்னு ஒத்துக்கிட்டா வரி, வட்டி, அபராதம் எல்லாம் உங்க தலையில. இல்லைன்னு எழுதினா விசாரணை வரும். யார்னு கேப்பாங்க" என்றார் ஆடிட்டர்.

அன்று சாயங்காலம் கூடத்தில் வைத்துக் கேட்டாள். அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூடக் குறைக்கவில்லை.

"உன் பேரு வேற, என் பேரு வேறயா? ஒத்துக்கிட்டு எழுதிடு. பணத்தை நான் அப்புறம் தர்றேன்."

"அப்ப அதை எழுதிக் கொடுண்ணே."

"கூடப்பிறந்தவன்கிட்டயே எழுதி வாங்குவியா?"

"நீ என்கிட்ட வாங்கலையா?"

அண்ணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "இத்தனை வருஷம் வச்சுச் சோறு போட்டதுக்கு நல்லா இருக்கு!"

"பாதிச் சம்பளம் தந்துட்டுத்தான் சாப்பிட்டேன், அண்ணி."

மாடிக்கு வந்த பிறகுதான் அம்மா கேட்டாள்: "புள்ளகுட்டிக்காரன்டி அவன். உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. வரியைக் கட்டிட்டா குறைஞ்சா போயிடுவே?"

அண்ணன் செய்ததைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். இந்த ஒரு வார்த்தைதான் நெஞ்சில் ஊசியாக இறங்கியது. மறுநாள் ஆடிட்டரிடம், "இல்லைன்னே எழுதுங்க சார். யாருன்னு கேட்டா சொல்றேன்" என்றாள்.

விசாரணை எட்டு மாதம் இழுத்தது. அதிகாரி கேட்டார்; அண்ணன் பெயரைச் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னாள். அண்ணன் காரை விற்று வரியும் அபராதமும் கட்டினான். அவளுக்குத் தாமதக் கட்டணம் மட்டும்தான். ஆனால் அதற்கு முன்பே அவளுடைய துணிமணிகள் இரண்டு பெட்டிகளாக வாசலுக்கு வந்துவிட்டன. அம்மா ஜன்னலருகில் நின்றாள். கீழே இறங்கி வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துக்கொண்டாள். அண்ணன் மகளுக்குக் கல்யாணம் ஆன செய்தியை, கைமுறிவுக்குப் படம் எடுக்க வந்த பழைய பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். "நீ ஏன் வரலை? உடம்பு சரியில்லைன்னு உங்கம்மா சொன்னாங்களே!"

"ஆமா, முடியலை" என்றாள் அவள். பிறகு ஈயக் கவசத்தைச் சரிசெய்துகொண்டு, "கையை ஆட்டாம வைங்க" என்றாள்.