பரங்கிக்காய் ஐஸ்

சுப்பையண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் எங்கே புதிதாக ஓர் ஐஸ் பண்டம் வந்தாலும் அதை வாயில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஜப்பான் சண்டைக்கு முன்னால், ஒரு குளிர்பானக் கடையின் தள்ளுவண்டியில் அவர் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், விடுமுறை நாளானால் மனைவியையும் மகள் விஜயாவையும் கூட்டிக்கொண்டு போட்டிக் கடைகளில் போய் உட்காருவார். சீனர் கடையில் துருவிய ஐஸின்மேல் சிவப்புப் பயறு, இன்னொரு கடையில் முட்டை அடித்துச் சேர்த்த பால் ஐஸ். ஒரு கரண்டி வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். கோயிலில்கூட இந்த மனிதர் இப்படிக் கண்ணை மூடிப் பார்த்ததில்லை என்று அவர் மனைவி பூங்காவனத்தக்கா சொல்லிச் சிரிப்பார். கண்ணைத் திறந்ததும் தீர்ப்பு வரும். பால் கருகியிருக்கிறது. ஏலக்காய் அதிகம். கையை நிறுத்தி நிறுத்திச் சுற்றியிருக்கிறான், அதனால்தான் நறநறவென்று இருக்கிறது.

நான் அவர்கள் வீட்டை ஒட்டிய பலகை அறையில் குடியிருந்தேன். எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அந்தக் குடும்பம் மட்டும்தான். நான் பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

அண்ணன் புக்கிட் காதில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டப் பிடிக்காமல் டவுனுக்கு ஓடிவந்து, ஐஸ் ஆலையில் கட்டி தூக்கினார். ஈரச் சாக்கும் மரத்தூளும் ஒட்டிய முதுகோடு சில வருடம். பிறகுதான் குளிர்பானக் கடை. ஐஸ்கிரீம் செய்யும் வேலையை யாரும் அவருக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. மரத்தொட்டிக்குள் தகர உருளை, இரண்டுக்கும் நடுவே ஐஸும் கல்லுப்பும், உருளைக்குள் பால். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஐஸைக் கரைக்கும், கரைகிற ஐஸ் பாலை உறைய வைக்கும். பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

ஜப்பான்காரன் வந்தபோது கடை முதலாளி இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார். பூட்டிக் கிடந்த கடையை ஒரு ஜப்பானியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதற்குச் சிங்கப்பூரிலும் சிரம்பானிலும் கிளைகள் உண்டு. எல்லாம் அதிகாரிகள் உட்கார்ந்து தின்னும் கடைகள். பலகையில் இருந்த பெயரை யாராலும் படிக்க முடியாததால் நாங்கள் அதை ஐஸ் வீடு என்றோம். மாதந்தோறும் ஒவ்வொரு கிளையும் புதிதாக ஓர் ஐஸ் பண்டம் போட்டுக் காட்ட வேண்டும் என்பது சிங்கப்பூர் உத்தரவு. பால் கிடையாது, வெள்ளைச் சீனி கிடையாது. உள்ளூரில் விளைவதை வைத்துச் செய்ய வேண்டும். அதற்கு ஆள் தேடியபோது, தொட்டியைக் கையாளத் தெரிந்தவர் என்று ஊரார் காட்டியது சுப்பையண்ணனைத்தான்.

சம்பளம் பெரிதில்லை. அவர் கையில் கட்டிவிட்ட வெள்ளைத் துணிப்பட்டைதான் பெரிது. அது நாற்பத்து மூன்றாம் வருடம். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் தோட்டங்கள் காலியாயின. பிறகு லாரிகள் டவுனுக்குள்ளும் வந்தன. பட்டை கட்டியவன் ஜப்பான்காரனுக்கு வேலை செய்கிறவன், அவனைத் தொடமாட்டார்கள். தபால் ஆபீசில் கடிதம் பிரித்த என் கையிலும் ஒன்று இருந்தது. பூங்காவனத்தக்கா தினமும் அண்ணனின் பட்டையைத் துவைத்து, காயும்வரை கொடியருகிலேயே நிற்பார்.

ஆக அந்தப் பட்டை நிலைக்க வேண்டுமானால் மாதம் ஒரு புது ஐஸ் தேற வேண்டும். மரவள்ளி மாவைத் தேங்காய்ப்பாலில் கிண்டி உறைய வைத்தார். பசை போல இழுத்தது, எப்படியோ தேறியது. சர்க்கரைவள்ளி தேறியது. அன்னாசி நன்றாகவே தேறியது. முருங்கைக்கீரையை அரைத்து ஒரு பச்சை ஐஸ் போட்டார், அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

தேறியதா இல்லையா என்று சொல்வது யார்? நாங்கள்தான். கடை மேலாளர் பல்வலிக்காரர். குளிர்ச்சி பட்டால் துடித்துப்போவார். ஆகவே எதையும் வாயில் வைக்கமாட்டார். புதுப் பண்டம் தயாரான அன்று சாயங்காலம் கடையின் பின்ஜன்னலைத் திறந்து, வாழையிலைத் துண்டில் ஒவ்வொரு கரண்டி மலிவாக ஊர்க்காரர்களுக்கு விற்கச் சொல்வார். ஜன்னலுக்கு உள்ளே நின்று வரிசையின் முகங்களைப் பார்ப்பார். முகங்கள் மலர்ந்தால் அன்று இரவு விருந்தில் அதிகாரிகளுக்கு அதே பண்டம் போகும்.

அரிசி இல்லாத ஊர் ஐஸ்கிரீமுக்கு வரிசை நின்றது. இன்று நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. நாள்தோறும் ஒரே கிழங்கு, ஒரே வெயில். புதிதாக நடந்தது அந்த ஜன்னல் ஒன்றுதான். விறகு இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த கருணாகரன் வரிசையில் வாயை மூடமாட்டார்.

“சப்பான்காரன் நாட்டப் புடிச்சான். நம்ம சுப்பையண்ணன் கிழங்கப் புடிச்சிருக்காரு. ரெண்டும் எப்பதான் உருகுமோ தெரியல.”

மெதுவாகப் பேசச் சொல்லி எல்லாரும் அவரை அதட்டுவார்கள். முன்னால் நிற்கும் செட்டித் தெரு மீனாச்சியம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது; அந்தத் தெருக்காரர்கள் தலைமுறைகளாக மலாய் பேசுகிறவர்கள். மலாயில் என்னவென்று கேட்பார். கருணாகரன் மலாயில் மறுபடியும் சொல்வார். அந்தம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்.

அந்த மாதங்களில் எல்லாவற்றையும்விட எங்களுக்கு இல்லாமல் போனது உப்பு. கடல் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. கரையில் காவல் இருந்தது, காய்ச்ச விறகில்லை. கள்ளச் சந்தையில் விற்ற உப்பை வாங்குகிற கை எங்கள் தெருவில் இல்லை. மரவள்ளிக்கிழங்கை வெறும் தண்ணீரில் வேகவைத்துத் தின்றோம். முதலில் குமட்டியது. பிறகு பழகியது. பழகிய பின் நாக்கு எதையும் கேட்காமல் இருந்தது. ஆள் போன வீட்டில் தொங்குகிற சட்டை மாதிரி அது பாட்டுக்கு வாயில் கிடந்தது.

அண்ணன் தினமும் உப்பில்தான் கையை வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அது கம்பெனி உப்பு. வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரை ஒரு காவலாளி முன்னால் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்து நிறுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கல்லை வாயில் போட்ட பாத்திரம் கழுவுகிற ஆளை எல்லார் முன்னாலும் அடித்தார்கள். அதற்குப் பிறகு அண்ணன் வேலை முடிந்ததும் விரல்களைக் காவலாளி கண்ணெதிரே கழுவிவிட்டுத்தான் வருவார்.

அந்த மாதம் அவர் எடுத்தது பரங்கிக்காய். அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் தென்னங்கருப்பட்டியும் சேர்த்தது. சிங்கப்பூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார், இரவு விருந்து அவருக்கு. தேறினால் மூன்று கிளையிலும் இதையே போடுவார்கள் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அப்படி ஆகிவிட்டால் சண்டை முடிகிறவரை கவலையில்லை என்று பூங்காவனத்தக்கா என்னிடம் சொன்னார். அவர் குரலில் நம்பிக்கை இருந்தது. எனக்கு அது பயமாக இருந்தது.

தகர உருளையின் அடி மூட்டு விட்டுப்போயிருந்தது. பற்றவைக்க ஈயம் கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. மெழுகை உருக்கி ஊற்றி அடைத்துக்கொண்டு சுற்றினார்.

சாயங்காலம் ஜன்னல் திறந்தது. மீனாச்சியம்மா முதல் இலையை வாங்கினார். வாயில் வைத்தார். பிறகு இலையை மடித்து அதன் ஓரத்தை நக்கினார், நாகரிகமான அந்தம்மாள். அடுத்து கருணாகரன். இலையை வழித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“அண்ணே, இன்னிக்கு என்ன போட்டீங்க? செத்த நாக்கு எந்திரிச்சு உக்காந்துருச்சு.”

என் முறை வந்தது. இனிப்புக்கு அடியில் ஏதோ ஒன்று இருந்தது. அது என்னவென்று நான் யோசிக்கவில்லை. தாடை ஓரத்தில் எச்சில் ஊறியது, கண்ணிலும் நீர் வந்தது. ஜன்னலுக்கென எடுத்து வைத்த சட்டியை வழித்தெடுக்கிறவரை வரிசை கலையவில்லை. உள்ளே மேலாளர் எங்கள் முகங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் விருந்துக்கு வைத்திருந்த உருளையிலிருந்து கரண்டியில் கொஞ்சம் எடுத்து மறுபடியும் வாயில் வைத்துக் கண்ணை மூடினார். சண்டைக்கு முந்திய முகம் அது.

“தம்பி, இத அடிச்சிக்க ஆளில்ல. எழுதி வச்சுக்குங்க” என்றார்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவரைப் பார்த்தேன். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. கையில் பட்டை இல்லை.

நடந்ததை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். பெரிய அதிகாரி ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டார். மேலாளரைக் கூப்பிட்டு அறைந்தார். மேலாளர் பல்வலியோடு தானே ஒரு வாய் வைத்துப் பார்த்தார், அவரும் துப்பினார். தகரத்தின் அடியில் மெழுகு விட்டு உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டு அண்ணனை மேசை முன்னால் நிறுத்தினார்கள்.

“தின்னு பாருன்னாங்க. தின்னேன். எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நல்லா இருக்குன்னேன்.”

“ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு, தம்பி.”

கிண்டல் செய்கிறான் என்று நினைத்துத்தான் அதிகமாக அடித்திருக்கிறார்கள். மேலாளர் அடிக்கவில்லை. கன்னத்தில் விரல் தடத்தோடு நின்று, கத்தரிக்கோலால் பட்டையை அறுத்து எடுத்தாராம்.

பின்னால் துணி அலசிக்கொண்டிருந்த பூங்காவனத்தக்கா தலை நிமிராமல் பேசினார்.

“உப்புக் கரிக்குதுய்யா, தப்பாப் போச்சுன்னு கால்ல விழுந்திருக்கலாம்ல.”

“கரிக்கிறது தெரிஞ்சாத்தானே விழுறதுக்கு.”

அடிபட்டதைவிட அதுதான் அவரை உறுத்தியது. நாக்கை வெளியே நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தார். ஊரிலுள்ள ஐஸ் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொன்ன நாக்கு. வரிசையில் நின்ற நாங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். அதை விட்டுவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

அதற்குப் பிறகு அவர் வேறொரு பட்டை தேடி அலைந்தார். பழைய ஐஸ் ஆலையில் வேலை இல்லை என்றார்கள். நான் தபால் ஆபீசில் வெட்கத்தை விட்டுக் கேட்டுப் பார்த்தேன். என் மேலதிகாரி என் பட்டையை ஒரு முறை பார்த்தார், நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். கருணாகரன்தான் வழி செய்தார். விறகுக் கிடங்கில் ஒரு இடம் காலி, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார். அதுவரை வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று அக்கா கதவைச் சாத்தி வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை கிழங்கு பங்கீடு. குடும்பத் தலைவன் நேரில் வந்தால்தான் தருவார்கள். போன வாரம் அக்காவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள், வீட்டில் ஒன்றுமில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணன் என்னோடு வந்தார். கிழங்கை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது லாரி சாலையை மறித்து நின்றது.

மொழிபெயர்ப்பாளன் தமிழன்தான். பட்டை உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் இன்னொரு பக்கம் என்று தமிழிலும் மலாயிலும் சொன்னான். நான் கையை உயர்த்திக் காட்டினேன். என் காலே என்னை அந்தப் பக்கம் கொண்டுபோயிற்று. பங்கீட்டுக்கு வந்திருந்த கருணாகரன் முன்னால் போய், அவருக்கே பழக்கமில்லாத பணிவோடு, இவர் திங்கட்கிழமை விறகுக் கிடங்கில் சேரப்போகிறவர் என்று சொன்னார்.

“அப்படியா? திங்கக்கிழம சயாம்ல சேந்துக்கட்டும்” என்றான் மொழிபெயர்ப்பாளன். அவன் சிரிக்கவில்லை. பலமுறை சொல்லிப் பழகியவன் போலிருந்தான்.

அண்ணன் தகராறு செய்யவில்லை. லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறினார். ஐஸ் கட்டி தூக்கிய முதுகு, சுலபமாக ஏறிவிட்டார். உள்ளே உட்கார இடமில்லை. நின்றுகொண்டே கூட்டத்தில் என்னைத் தேடினார். மனைவிக்கும் மகளுக்கும் பெரிதாக ஏதோ சொல்லி அனுப்பப் போகிறார் என்று லாரிக்கருகில் போய் நின்றேன்.

“விஜயா அம்மாகிட்ட, மத்தியானத்துக்கு எனக்குக் கிழங்கு வைக்க வேணாம்னு சொல்லிடுங்க, தம்பி.”

லாரி செங் என்ற ஊர்ப் பக்கம் திரும்பிப் போனது. சுற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போவார்கள் என்றார் கருணாகரன்.

அக்கா வாசலில் நின்றிருந்தார். என் கையில் கிழங்கையும் எனக்குப் பின்னால் வெறும் சாலையையும் பார்த்தார். அண்ணன் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா கிழங்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் அறையின் பலகை இடுக்கு வழியாகத் தெரிந்தது: கழுவினார், தோல் உரித்தார், வழக்கமாக மூவருக்கும் போடுகிற அளவிலேயே வெட்டிப் பானையில் போட்டார். விஜயா அப்பா எங்கே என்று கேட்டாள். சாப்பிட வருவார் என்று அக்கா சொன்னார்.

மத்தியானம் அண்ணன் பங்கு மூடி வைத்திருந்தது. சாயங்காலம் அதை விஜயா தின்றாள்.