தம்பி பேரில் ஒரு சீட்டு

பச்சைப் புளியமரத்தை அறுக்கும்போது ஒரு வாசனை வரும். புளிப்பும் ஈரமுமாக, தொண்டைக்குள் போய் நின்றுகொள்ளும். போன வாரம் எங்கள் தெருவில் ஒயரில் உரசிய கிளையை அறுத்தார்கள். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது. உடம்பு கொதித்தது.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம் அது. கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அங்கிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோட்டோரம் நின்ற புளியமரங்கள் குறுக்கே படுத்துவிட்டன. பஸ் இல்லை. எனக்கு நாலு நாளாகக் காய்ச்சல். கஷாயம் கஷாயமாகவே வெளியே வந்தது. நாலாம் நாள் காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை.

தம்பிக்கு மூக்கு ஒழுகினாலே அப்பா சைக்கிளை எடுப்பார். கள்ளக்குறிச்சி டாக்டர், ஊசி, திரும்பும்போது ஒரு பன். எனக்கு வந்தால் நிலவேம்பு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, அது பாட்டுக்கு நடந்தது. அப்பாவுக்கு என்மேல் பாசம் உண்டு. சந்தைக்குப் போனால் வளையல் வாங்காமல் வரமாட்டார். டாக்டர் மட்டும் தம்பிக்கு.

"பொட்டப் புள்ள, தாங்கும். ரோடு வேற இல்ல" என்றார் அப்பா.

அம்மா எழுந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் கவரில் இருந்த டாக்டர் சீட்டை எடுத்து இடுப்பில் செருகினாள். எங்கள் வீட்டில் இருந்த ஒரே சீட்டு. அதில் தம்பி பேர். என்னைத் தலையோடு போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

முதல் மரத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கம்மா போற? பஸ்ஸே போவல, நீ இன்னா ஏரோப்ளேன்லயா போவப்போற?" ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"புள்ளைக்கு நாலு நாளா காய்ச்சலுங்க. ஒரே ஆம்பளப் புள்ள. இதோ பாருங்க, டாக்டர் சீட்டு."

போர்வைக்குள் எனக்குக் கேட்டது. வாயைத் திறக்கப் போனேன். அம்மாவின் விரல்கள் என் தொடையை அழுத்தின. அந்த அழுத்தம் இப்போதும் அங்கே இருக்கிறது.

சிரிப்பு நின்றுவிட்டது. கேலி பேசியவரே குதித்து இறங்கினார். தலையில் துண்டு கட்டியிருந்தார். "ஆம்பளப் புள்ளயா? டேய், என் சைக்கிளைப் புடிங்கடா."

கேரியரில் என்னை உட்காரவைத்து, தன் துண்டாலேயே சைக்கிளோடு சேர்த்துக் கட்டினார். அவர் தள்ள, அம்மா பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டு ஓட, மரம் வந்தால் அங்கே இருந்தவர்கள் எழுந்து வர, சைக்கிள் மரத்துக்கு மேலே போனது.

அதை எப்படிச் சொல்வதென்று இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எட்டுக் கைகள். நேற்றுவரை தலைக்கு மேல் இருந்த இலைகள் காலுக்குக் கீழே. கைக்கெட்டும் தூரத்தில் காலிக் குருவிக்கூடு ஒன்று. போர்வை இடுக்கில் மலை தெரிந்தது, யாரும் வெட்டமுடியாத நீலம். சக்கரம் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஊர்வலத்தில் சாமிக்கு ஊர் இப்படித்தான் தெரியுமா? ஏழு மரம் வரை எண்ணினேன், அப்புறம் மறந்துபோனது. ஒவ்வொரு மரத்திலும் அம்மா அதே வாக்கியத்தைச் சொன்னாள், ஒவ்வொரு மரத்திலும் கைகள் வந்தன. அவர்கள் தூக்கிக்கொண்டு போனது தம்பியை. மேலே இருந்தது நான்.

கள்ளக்குறிச்சி எல்லையில் அவர் துண்டை அவிழ்த்தார். "ஆம்பளப் புள்ள, பாத்துக்க தங்கச்சி." தன் மரத்துக்குத் திரும்பிப் போனார்.

டாக்டர் போர்வையை விலக்கினார். பாவாடை. சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தம்பியின் சீட்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதுசு ஒன்று எடுத்தார். "உம் பேரு இன்னா, பாப்பா?"

சொன்னேன். எழுதினார்.

அங்கேயே மூணு நாள் படுத்திருந்து, நாலாம் நாள் நடந்தே திரும்பினோம். நானும் பாதி தூரம் நடந்தேன். முதல் மரத்தைப் பாதி அறுத்து ஓரம் தள்ளியிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியது. அவர் அங்கேதான் இருந்தார்.

"இன்னா தங்கச்சி, பையன் எங்க?"

அம்மா என்னை முன்னால் தள்ளினாள். "இவதாண்ணா. பொய் சொல்லிட்டேன். பொண்ணுன்னா தூக்குவீங்களோ மாட்டீங்களோன்னு..."

நான் புடவைக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கட்டினார். மறுபடி அவிழ்த்தார்.

"தூக்கியிருக்க மாட்டேன்" என்றார். "நெசமா சொல்றேன்."

புடவை ஓரத்தில் தெரிந்த என் காலைப் பார்த்தார்.

"வூட்ல எனக்கும் ஒண்ணு படுத்துக்கினு கெடக்குது. அஞ்சு நாளா. பொண்ணு." சைக்கிளை நிமிர்த்தினார். "அந்த டாக்டரு எந்தத் தெரு?"

அம்மா வழி சொன்னாள். அவர் ஏறித் தன் வீட்டுப் பக்கம் மிதித்தார். கொஞ்ச தூரம் போனதும், ரோடே கேட்கும்படி அம்மா கத்தினாள்.

"அண்ணா! சீட்டு எழுத பேரு கேப்பாங்க. உங்க பொண்ணு பேரையே சொல்லுங்க!"