ராணியைத் தாண்டிப் படித்த நாட்கள்

அந்தக் கதையில் வரும் கிழட்டு ராஜாவை எனக்குக் கண்டாலே ஆகாது. எதிரி கோட்டை வாசலில் வந்து நிற்கிறான், இவர் ஜோசியரைக் கூப்பிட்டு நல்ல நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். சிரித்துச் சிரித்தே காரியத்தைக் கெடுக்கும் சின்ன இளவரசன் மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. மனிதர்களின் நிழலை விலைக்கு வாங்கும் சூனியக்காரன் வந்தால் இப்போதும் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவேன். ராணியைப் பற்றி மட்டும் நான் உறுதியாக ஒன்றும் சொல்ல மாட்டேன். அவளைப் பற்றிப் பேச என்னைவிட உரிமையுள்ள ஒருத்தி இருக்கிறாள்.

தலையணை கனத்தில் ஒரு மாயக்கதை நாவல் அது. அட்டை கிழிந்திருந்ததால் புத்தகக் கண்காட்சியில் பாதி விலைக்குக் கிடைத்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதற்கு மேல் படித்ததெல்லாம் கடலை மடித்து வந்த காகிதத்தில் தொடங்கி, கையில் கிடைத்ததை எழுத்துக் கூட்டிப் படித்ததுதான். சாமளாபுரத்திலிருந்து திருப்பூருக்குக் கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால் தனியே எடுத்துப் போட வேண்டும். நாள் முழுக்கக் குறை கண்டுபிடிக்கிற பிழைப்பு. கதையில் வருகிறவர்களிடமும் குறை பார்க்கிற புத்தி அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

ஒரு நாள் காலையில் வேனின் பாட்டுப் பெட்டி கெட்டுப்போய்விட்டது. நான் பாட்டுக்கு இளவரசன் குதிரையிலிருந்து விழுந்த பக்கத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்த, பனியன் தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் திரும்பினார்.

"ஏனுங்கக்கா, நீங்க மட்டும் தனியாச் சிரிச்சா எப்படிங்க? எங்களுக்கும் கொஞ்சம் பங்கு போடுங்க."

அன்றைக்குச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பாட்டுப் பெட்டி சரியான பிறகும் அதை யாரும் போடச் சொல்லவில்லை.

இப்போது நினைத்தாலும் நெஞ்சு இனிக்கிறது. அந்த வேனில் இருந்தவர்களுக்குக் கதையில் வருகிறவர்கள் கதை மனிதர்களாகவே இல்லை. ராஜாவைப் பற்றிப் படித்தால் டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டுவார்: "இவரை வெச்சுட்டு ஏத்துமதிக்கு ஒரு கண்டெய்னர் போவாதுங்க!" இளவரசனுக்குப் பின் சீட்டுப் பெண்கள் ஒருமித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். மாப்பிள்ளையாக வைத்துக்கொள்ளலாம், சூப்பர்வைசராக ஆகாது. எல்லாரும் வெறுக்கும் சூனியக்காரனை அயர்ன் மாஸ்டருக்கு மட்டும் பிடிக்கும்.

"கெட்டவந்தானுங்க. ஆனா சொன்ன தேதிக்குச் சொன்னதைக் குடுக்கறானா இல்லியா? நம்மூர்ல எத்தனை பேருங்க அப்படி இருக்கறாங்க?"

டெலிவரி தேதியை வைத்து மனிதரை எடை போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். சூனியக்காரனுக்கும் அதே தராசுதான்.

ராணி வந்ததும்தான் வினை வந்தது. கோட்டையை எதிரி வளைக்கப் போகிறான் என்று தெரிந்ததும், கைக்குழந்தையை ஆற்றங்கரையில் ஒரு படகுக்காரன் வீட்டில் விட்டுவிட்டு, மலைக்கு அப்பால் படை திரட்டப் போகிறாள். இந்த இடத்தைப் படித்து முடித்தேனோ இல்லையோ, அயர்ன் மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார்.

"பெத்ததை வுட்டுப்போட்டுப் போறவளுக்கு என்னத்துக்குங்க கிரீடம்? நாய்கூடக் குட்டியை வுட்டுப்போட்டுப் போகாது."

வேன் முழுக்கச் சிரித்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர் பெண் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் வேனில் ஏறியவள் என்னைத் தாண்டிக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

டீ இடைவேளையில் அவளே வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, அந்த ராணி வர்ற எடத்தையெல்லாம் தாண்டிப் படீங்க."

"ஏன் கண்ணு?"

அப்போதுதான் சொன்னாள். புருஷன் இறந்த பிறகு, பால்குடி மறந்த கையோடு மகளைக் கணியூரில் தன் அக்காள் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள் அவள். இருக்கிற ஒற்றை அறையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருவாள்.

"எங்கக்காளுக்குப் புள்ளை இல்லைங்க. இவளை அவங்களுக்கே வுட்டுறச் சொல்லிக் கேக்கறா. இந்த வருசம் ஸ்கூல்ல சேர்த்தோணுமாம், அப்பா அம்மா பேரு அவங்க பேரையே போட்டுக்கறாங்களாம். நல்லாத்தான் வளர்த்தறாங்க, குத்தம் சொல்ல முடியாது. நான் என்னங்க சொல்லட்டும்?"

எனக்கு எதற்கெடுத்தாலும் ஒரு சொலவடை நாக்கு நுனியில் நிற்கும். அன்றைக்கும் ஒன்று வந்து நின்றது. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பார்கள். அதை அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

ஆக, ராணியைத் தாண்டிப் படிக்க ஆரம்பித்தேன். கதையில் நடுத்தூணை உருவினால் கூரை நிற்குமா? கோட்டைக்குள் தண்ணீர் தீர்ந்து ஜனங்கள் தவிக்கிறார்கள் என்று ஒரு பக்கம் படித்தேன். சில பக்கங்களைப் புரட்டிவிட்டு, எதிரி ஓடிப்போனான் என்று அடுத்ததைப் படித்தேன்.

"இருங்க, இருங்க," என்றார் டிரைவர். "ஏனுங்க ஓடுனான்?"

"மழைங்க. மழை கொட்டிருச்சு."

"இப்பத்தானுங்க மண்ணு வெடிச்சுக் கெடக்குதுன்னு படிச்சீங்க?"

"திடீர் மழைங்க," என்றேன். வேறென்ன சொல்ல? அந்த வாரம் முழுக்க அந்தக் கதையில் மழை பெய்துகொண்டே இருந்தது. அயர்ன் மாஸ்டர், "இந்த மழை நம்ம பக்கம் கொஞ்சம் வந்தாத் தேவலைங்க" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓவர்லாக் பெண் என்னிடம் வந்து புத்தகத்தைக் கேட்டாள். கணியூர் பஸ்ஸில் பொழுது போகணும் என்றாள். எதற்கு என்று நான் துருவவில்லை. திங்கட்கிழமை காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசி சீட்டுக்குப் போனாள்.

நான் விட்ட இடத்திலிருந்து படித்தேன். மழையால் கோட்டை தப்பியதற்கு ராஜா விருந்து வைக்கிறார் என்று எதையோ ஒட்டுப்போட்டுக்கொண்டு போகையில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"மழையெல்லாம் ஒண்ணும் பெய்யலீங்க. ராணிதான் வந்தா. மலைச்சனத்தைக் கூட்டீட்டு வந்து, அணையைத் தொறந்து வுட்டா."

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அயர்ன் மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வந்தாச் செரி. புள்ளையை வுட்டுப்போட்டுத்தானுங்களே போனா?"

"புள்ளை உசுரோட இருக்கோணும்னு வுட்டாளுங்க. சூனியக்காரன் சொன்ன தேதிக்குக் குடுக்கறான்னு அவனை அத்தனை மெச்சறீங்களே, இவ வர்றேன்னு சொல்லீட்டுப் போனா, வந்தாளா இல்லீங்களா? அதுக்கொரு மரியாதை இல்லீங்களா?"

அயர்ன் மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள், "கேஸ் முடிஞ்சுது போங்க," என்றார் டிரைவர்.

"அப்பறம் புள்ளை வந்துதா அவகூட?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வரலீங்க. அடையாளந் தெரியாம, படகுக்காரன் பொண்டாட்டி சேலைக்குப் பின்னால போயி ஒளிஞ்சுக்குச்சு." குரல் இறங்கிவிட்டது. "அதுக்கு மேல நான் படிக்கலீங்க."

அன்றைக்கு டீ குடிக்கும்போது என்னிடம் வந்தாள். அதற்கு மேல் ராணி என்ன செய்கிறாள் என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் துணியவில்லை. ஒரு வாரம் மழை பெய்வித்தது போதாதா?

"அங்கேயே வுட்டுட்டு அரமனைக்குப் போயிர்றா கண்ணு. புள்ளை சந்தோசமா இருக்குது, நாம எதுக்குக் குறுக்கேன்னு. படிச்சா அழுகை வரும், அத்தனை நல்லா எழுதியிருக்கறாங்க."

வேன் முழுவதையும் எதிர்த்து நின்று ராணிக்காக வாதாடியவள், முதல்முறையாக அவளிடம் குறை கண்டாள்.

"அது மட்டும் தப்புங்கக்கா. மலை தாண்டி நடந்தவளுக்கு அந்தக் கரையில கொஞ்ச நாளு உக்கார முடியலீங்களா? ஒளிஞ்ச புள்ளை எட்டிப் பாக்காமயா போயிரும்?"

அடுத்த வாரம் அவளுடைய மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுவிட்டுக் கணியூர் போயிருக்கிறாள் என்றார்கள். அங்கே என்ன நடந்தது என்பதை வெகுநாள் கழித்துத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். முதல் இரண்டு நாள் பிள்ளை கிட்டவே வரவில்லையாம். இவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்றாம் நாள் அதுவாக வந்து ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்ததாம். மகளைக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு அக்காள்காரி சண்டை போடவில்லை. துணிமணியெல்லாம் மடித்துக் கொடுத்தாளாம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மட்டும் வரவில்லையாம். அந்த அக்காளை நான் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தக் கதையில் எனக்கு மனசு வலிப்பது அவளுக்காகவும்தான்.

கம்பெனியில் அப்போதுதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக ஓர் அறை திறந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும் அங்கே விட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஒரு திங்கட்கிழமை ஓவர்லாக் பெண் மகளைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒரு கையில் கடித்த பன். என் பக்கத்துச் சீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள். யாரும் கதை கேட்கவில்லை. அயர்ன் மாஸ்டர் முன் சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்தது. அப்புறம் பெற்றவளின் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கேட்டது.

"சித்தி, அந்தாளு எதுக்கு என்னையப் பாக்கறாரு?"

டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். அவள் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. பிள்ளையின் வாயோரம் ஒட்டியிருந்த பன் துணுக்கைத் துடைத்துவிட்டாள்.

"அவரு எல்லாரையும் அப்படித்தான் பாப்பாரு கண்ணு. நீயும் பாரு."

பிள்ளை பன்னை மடியில் வைத்துவிட்டு, கண்ணைக் கொட்டாமல் அவரைப் பார்க்க ஆரம்பித்தது. பாதி வழியில் அயர்ன் மாஸ்டர்தான் முதலில் திரும்பிக்கொண்டார்.