துணிக்கடை லாச்சியில் கிடந்த தபால் துண்டு

அந்தத் தாளை நான் எதற்காக மறைத்தேன்? ஒரு தாய்க்கு மகளின் நல்ல நாள் கெட்டுவிடக் கூடாது என்றா, அல்லது அவர் தைத்து முடிக்க வேண்டியிருந்த முப்பத்தெட்டு பிளவுசுகள் நின்றுவிடக் கூடாது என்றா? மூன்று மாதமாக இதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது ஒரு பதில் இருக்கிறது. விட்டுவிட்டுத் திரும்பும்போது அது மாறிவிடுகிறது.

நான் வேலை செய்வது பிரான்சில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் உள்ள ஒரு துணிக்கடையில். பட்டு விற்கும் கடை அல்ல. எங்களிடம் இருப்பது பருத்தி: நைற்றி, சாரம், வேட்டி, கோயிலுக்கு உடுத்தும் சேலை, செத்தவீட்டுக்கு வெள்ளைத் துணி, மீட்டரில் வெட்டிக் கொடுக்கும் சீத்தைத் துணி. சனிக்கிழமைகளில் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் ரயில் ஏறி வருவார்கள். மரக்கறி, மீன், நகை என்று எல்லாம் முடித்துவிட்டு, ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கையில் எங்கள் கடைக்குள் நுழைவார்கள்.

"போன வருசம் வாங்கின நைற்றி ரெண்டு தோய்ச்சலிலை சாக்காப் போச்சு" என்று ஒருவர் தொடங்குவார்.

"சாக்கெண்டால் அரிசியாவது போடலாம்தானே" என்பார் கடைக்கார அன்ரி, அளவுகோலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்தப் பக்கத்துக் கடையிலை இதே துணி மலிவாம்."

"அப்ப அங்கை வாங்கிக்கொண்டு இஞ்சை வந்து இருங்கோ. கதைக்கு நான் காசு வாங்கிறேல்லை."

எல்லாரும் சிரிப்பார்கள், வாங்குவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்தச் சிரிப்புப் பிடித்திருந்தது. பிரான்சுக்கு வந்து முதல் ஒரு வருடம் திரான்சியில் நான்காவது மாடியில் கைக்குழந்தையோடு யாரோடும் பேசாமல் இருந்தவள் நான்.

அந்தக் கடை பதினேழு பேருக்கு விலாசமும் கூட. ஓர் அறையில் நான்கு பேராகப் படுப்பவர்களை, வீடு இன்னொருவர் பேரில் இருப்பவர்களை, வாசல் கடிதப் பெட்டியில் தங்கள் பேரை ஒட்ட விடமாட்டார்கள். அவர்களுடைய பேர்களை அன்ரி தன் கடைப் பெட்டியில் ஒட்ட விட்டிருக்கிறார். விசா கொடுக்கும் பிரெபெக்தூர் அலுவலகத்திலிருந்து, மருத்துவமனையிலிருந்து, பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அன்ரி இதற்கு ஒரு சதம்கூட வாங்குவதில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதினேழு பேரில் ஒருவராவது அன்ரி கேட்டதற்கு "ஏலாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. துணி மூட்டை இறக்க, கடை கழுவ, சொன்ன நாளில் தைத்துக் கொடுக்க அவர்கள் வருவார்கள்.

தைப்பவர் ஓர் அக்கா. வன்னியிலிருந்து வந்தவர். கணவர் வேறு நகரத்தில் வேறு குடும்பமாகிவிட்டார். மகளுடன் ஓர் அறையில் இருந்தார். கடையின் பின்பக்கம், துணிச் சுருள்களுக்கும் கழிவறைக்கும் நடுவே அவருடைய மிசின் இருந்தது. எத்தனையோ வருடம் இங்கே வாழ்ந்ததையும் மகள் இங்கே படிப்பதையும் காட்டி விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். வேலை முடிந்து போகும்போது தினமும் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"தங்கச்சி, எனக்கு ஏதும் வந்ததோ?"

"இல்லை அக்கா."

"வராட்டி நல்லதுதான். வந்தால்தானே பயம்."

மே மாதத்தில் அவருடைய மகள் பெரியபிள்ளை ஆனாள். சாமத்தியவீட்டுக்கு, அந்தப் பூப்புச் சடங்குக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் வைத்தார்கள். அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா. அதில் ஆடும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் பருத்திப் பிளவுஸ் தைக்கும் வேலையை அன்ரி எடுத்திருந்தார். அக்கா மகளின் சடங்குக்கான ஓட்டத்துக்கு நடுவில் அதையும் தைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் தபால்காரர் வந்தார். அக்கா பொத்தான் வாங்க வெளியே போயிருந்தார். தபால்காரர் கையில் இருந்தது ரெக்கொமாந்தே, பதிவுத் தபால், அக்காவின் பேருக்கு. உறையின் மூலையில் பிரெபெக்தூரின் முத்திரை. உரியவர் கையெழுத்தில்லாமல் தரமாட்டேன் என்று, பதினைந்து நாட்களுக்குள் தபால் நிலையத்தில் வந்து எடுக்கும்படி ஒரு துண்டை எழுதி என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

விசா கிடைத்தால் தொலைபேசியில் செய்தி வரும், ரெக்கொமாந்தே வந்தால் மறுப்பு. இது லாச்சப்பலில் எல்லோருக்கும் தெரிந்த சாத்திரம். அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் நினைத்தார்.

"உந்தத் துண்டை இப்ப கண்டாளெண்டால் மிசினிலை இருப்பாளே? சனிக்கிழமை முப்பத்தெட்டுப் பிள்ளையளும் சட்டையில்லாமலோ மேடையேறுறது?"

என் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அன்ரி கத்திரிக்கோலை வைத்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அதோடை, நல்ல காரியம் நடக்கிற வீடு பிள்ளை. மகளுக்குத் தண்ணி வார்க்கப்போற கையிலை உந்தத் தாளைக் குடுப்பியோ? ஞாயிறு முடியட்டும். திங்கள் குடு. ரெண்டு கிழமை கிடக்குத்தானே."

அன்ரி இரண்டு காரணம் சொன்னார். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அது நல்ல காரணமாகத் தெரிந்தது, இன்றும் சில வேளை தெரிகிறது. நல்ல காரியம் முடியும்வரை கெட்ட செய்தி சொல்லாத ஆட்கள் நாங்கள். என் கல்யாணத்துக்கு முதல் நாள் பெரியப்பா இறந்ததை எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அதை அன்பென்றே எடுத்துக்கொண்டேன். ஆனால் சாவுக்கு மேல்முறையீடு கிடையாது. அந்தச் செய்தி மூன்று நாள் காத்திருக்கலாம். இந்தத் தாள் அப்படிப்பட்டதல்ல என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பட்டம் படித்தவள், பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவள் என்றுதான் அன்ரி என்னை வேலைக்கு வைத்திருந்தார்.

துண்டை மேசை லாச்சியில், அந்த இழுப்பறையில், ஊசிப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். பிஸ்கட் தகரத்தில் வைத்தால் அக்கா கண்டுவிடுவார்.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா முப்பத்தெட்டு பிளவுசையும் மடித்துக் கொடுத்தார். அவருடைய விரல் நுனிகள் துணிச் சாயத்தில் சிவந்திருந்தன. போகும்போது வழமைபோல் கேட்டார்.

"தங்கச்சி, எனக்கு ஏதும் வந்ததோ?"

"இல்லை அக்கா" என்றேன்.

அன்ரி எதையும் கேட்காதவர்போல் சீத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீட்டுக்குப் போனோம். அக்கா என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு மண்டபம் முழுக்கத் திரிந்தார். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளைதான் என்ரை கடுதாசியெல்லாம் வாசிச்சுச் சொல்லுறது. கூடப் பிறந்ததுகள்கூட இப்படிச் செய்யாதுகள்."

பலகாரத் தட்டு என் கையில் இருந்தது. அதைப் பக்கத்துக் கதிரையில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த நாளை வரவில்லை. திங்கட்கிழமை விடியும்போது என் மகளின் வயிறெல்லாம் கொப்புளம். அம்மாள் வருத்தம், அம்மை. பள்ளிக்கு அனுப்பக் கூடாது, நானும் கடைக்குப் போக முடியாது. கணவர் உணவக வேலைக்குப் போய்விடுவார். மூன்று வயதுப் பிள்ளை சொறிந்து புண்ணாக்கிவிடுமோ, காய்ச்சல் தலைக்கு ஏறிவிடுமோ என்று அவள் பக்கத்திலேயே கிடந்தேன். இருந்தும் செவ்வாய்க்கிழமை அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். அதை நான் செய்தேன். அதையாவது செய்தேன்.

"அன்ரி, அந்தத் துண்டைக் குடுத்திட்டீங்களோ?"

"ஓமோம். நீ பிள்ளையைப் பார்."

"ஓமோம்" என்றால் கொடுத்தாயிற்று என்று எடுத்துக்கொண்டேன். கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளருக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். பிறகு இரண்டு கிழமை நான் மறுபடி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்ற பயம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மகள் தேறி, நான் திரும்பிப் போன திங்கட்கிழமை ஊசி எடுக்க லாச்சியைத் திறந்தேன். துண்டு அங்கேயே கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கடிதம் திரும்பிப் போய்விட்டது என்றார்கள்.

"நீ குடுத்திருப்பாய் எண்டு நான் இருந்திட்டன்" என்றார் அன்ரி. "சரி, எடுக்காட்டித் திரும்பவும் அனுப்புவாங்கள்தானே. இப்ப அவளுக்குச் சொல்லி என்னத்தைக் காணப்போறாய்?"

திரும்ப அனுப்பமாட்டார்கள். துண்டு வைத்த நாளிலிருந்து நாள் ஓடிக்கொண்டிருக்கும். மறுப்பை எதிர்த்து மனுப் போட முப்பது நாள். அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் அக்காவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்திருக்கும். இதை நான் பிறகுதான் அறிந்தேன். ஆனால் தேடியிருந்தால் அன்றைக்கே அறிந்திருக்கலாம், தொலைபேசி கையில்தான் இருந்தது. அன்ரி சொன்னதை நம்பிக்கொள்வது சுகமாக இருந்தது. துண்டை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

யூலை முடிவில் அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு தானாகவே பிரெபெக்தூருக்குப் போய் விசாரித்திருக்கிறார். மறுப்புக் கடிதம் அனுப்பியாயிற்று, நீங்கள் போய் எடுக்கவில்லை, மனுப் போடும் காலமும் முடிந்துவிட்டது, நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகள்தான் அதைத் தாய்க்கு மொழிபெயர்த்திருக்கிறாள். வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறொன்றும் பேசாத பிள்ளை அன்று தமிழில் சொன்னாளாம்.

அக்கா நேரே கடைக்கு வந்தார். யாரையும் திட்டவில்லை.

"தபால்காரன் துண்டு வைக்கேல்லை அன்ரி. வைச்சிருந்தால் இந்தப் பிள்ளை தந்திருக்கும். எனக்குத்தான் ராசியில்லை."

"உவங்கள் அப்பிடித்தான்" என்றார் அன்ரி. "மாடி ஏறப் பஞ்சியிலை ஒண்டும் வைக்காமல் போவாங்கள்."

எங்கள் கடை தரைத் தளத்தில் இருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

இப்போது அக்கா ஒரு வழக்கறிஞரைப் பிடித்திருக்கிறார். துண்டு அக்காவின் கைக்கு வரவே இல்லை என்று காட்ட முடிந்தால், காலம் கடந்த மனுவை ஏற்கும்படி கேட்டுப் பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றிருக்கிறார் அவர். அதற்குச் சாட்சிக் கடிதம் வேண்டும். போன கிழமை அக்கா அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"தபால்காரன் துண்டு ஒண்டும் வைக்கேல்லை எண்டு நீ எழுதித் தா தங்கச்சி. கடைப்பெட்டி பார்க்கிறது நீதானே. உன்ரை எழுத்தெண்டால் நம்புவாங்கள்."

பொய்ச் சாட்சி சொன்னால் தண்டனை உண்டென்று எனக்குத் தெரியும் என்பதை அந்தப் படிவத்தில் என் கைப்பட எழுத வேண்டும். என் விசாவின் பிரதியையும் இணைக்க வேண்டும். துண்டு வைத்ததற்குத் தபால் நிலையத்தில் பதிவு இருக்கும். பொய் எழுதினால் அக்காவின் வழக்கும் சேர்ந்து விழும். உண்மை எழுதினால்? அன்ரியிடம் கேட்டேன்.

"எழுது" என்றார். "எழுதின அண்டைக்கே பெட்டியிலை கிடக்கிற அத்தினை பேரையும் கிழிச்சுப் போடுவன். உதவி செய்யப்போய் நான் நீதிமன்றம் ஏறேலாது. நீயும் வேறை வேலை பார்."

அவர் செய்வார். அக்காவை விட்டால் மிச்சமிருக்கும் பதினாறு பேரில் இரண்டு பேருக்கு இந்த மாதம் பதில் வர வேண்டும். எனக்கு நவம்பரில் விசா புதுப்பிக்க வேண்டும். அதற்கு இந்தக் கடையின் வேலை ஒப்பந்தம் வேண்டும்.

"நீ சும்மா இரு" என்கிறார் என் கணவர். "துண்டு வைச்சவன் வெள்ளை, குடுக்காதது முதலாளி. இதிலை நீ ஆர்?"

"இல்லையெண்டு சொன்னது நான்."

"அது அவவுக்குத் தெரியாதுதானே."

தெரியாதுதான். படிவம் சமையலறை அலமாரியில், மகளின் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்றும் அக்கா கேட்டார், எழுதியாயிற்றா என்று. பிள்ளைக்குச் சுகமில்லை, இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். பிள்ளை சுகமாகத்தான் இருக்கிறாள்.

இதை வாசிக்கிறவர்களில் பிரெபெக்தூர் வரிசையில் நின்றவர்கள் இருப்பீர்கள். சட்டம் தெரிந்தவர்களும், மற்றவர்களின் கடிதங்களை வாங்கி வைக்கும் கடைக்காரர்களும் இருக்கலாம். ஆறுதல் எழுத வேண்டாம். நான் நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ தீர்ப்பும் வேண்டாம். வழக்கறிஞர் இந்த மாத முடிவுவரைதான் காத்திருப்பார். உண்மையை எழுதும்போது மற்றப் பதினாறு பேருடைய விலாசத்தைக் காப்பாற்ற ஏதாவது வழி உண்டா? அந்தக் கடிதங்களை வேறெங்கே சட்டப்படி மாற்றலாம்? முதலில் யாரிடம் போக வேண்டும், வழக்கறிஞரிடமா, அக்காவிடமா? அக்காவிடம் என்றால், எந்தச் சொல்லில் தொடங்குவது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.